பூஜ்ய வினாடி: கூடைப்பந்து நடுவரின் கைவீச்சு குறித்து ஓர் ஆய்வு

கூடைப்பந்தில் கடிகாரத்துக்குத் தப்பிய இடமே இல்லை என்பது பரவலான நம்பிக்கை. கூடையை நோக்கி எறிய 24 வினாடி, தன் பாதியைவிட்டு வெளியேற 8 வினாடி, எதிரணியின் கூடைக்கடியில் சும்மா நிற்க 3 வினாடி, கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிய 5 வினாடி. இவ்வளவு காவலுக்கும் நடுவே ஒரு சந்து திறந்தே கிடக்கிறது. பந்து வலையைக் கடந்து தரையில் விழுகிறது. கூடையை விட்டுக்கொடுத்த அணி அதை எடுத்து, எல்லைக்கோட்டுக்குப் பின்னால் போய், உள்ளே எறிய வேண்டும். பந்து விழுந்ததற்கும் நடுவர் கையை வீசி ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குவதற்கும் இடையிலுள்ள காலத்துக்கு அளவு கிடையாது. அதை இக்கட்டுரை பூஜ்ய வினாடி என்று குறிக்கும். அதன் நீளத்தைத் தீர்மானிப்பவர் களத்தில் இல்லாத ஓர் ஆட்டக்காரர் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருதுகோள்.

குறை இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தினுடையது அல்ல. 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்பதாவதிலேயே அந்த 5 வினாடி இருக்கிறது. வெளியே போன பந்தை முதலில் தொட்டவர் உள்ளே எறிய வேண்டும். அதற்குமேல் வைத்திருந்தால் பந்து எதிரணிக்கு. கணக்கு பந்தைப் பிடித்தவரிடமிருந்து தொடங்கியதால் சிக்கல் இல்லை. கூடை விழுந்தபின் எறிவதற்கும் வேலை இல்லை. ஒவ்வொரு கூடைக்கும் பிறகு நடுவட்டத்தில் பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். 1937-இல் அந்த வழக்கம் கைவிடப்பட்ட பிறகுதான் கூடைக்கடியில் பந்து அநாதையாக உருளத் தொடங்கியது. பிடித்தால்தான் கணக்கு என்று விட்டால், பிடிக்காமலேயே இருந்துவிடலாமே! ஆகவே அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் விதிநூல் வேறு வழி கண்டது. பந்து எடுக்கத் தோதாக இருந்து, நடுவரும் எண்ணத் தொடங்கிவிட்டால், அது ஆட்டக்காரர் வசம் வந்துவிட்டதாகப் பொருள். எப்போது எண்ணத் தொடங்க வேண்டும்? பந்து வசம் வந்தபோது. எப்போது வசம் வருகிறது? எண்ணத் தொடங்கியபோது. தர்க்க நூலார் இதைக் குற்றம் என்பார்கள். நடுவர்கள் இதை வைத்துக்கொண்டு வாரந்தோறும் ஆட்டம் நடத்துகிறார்கள்.

அற்ப விஷயம் என்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அந்தப் பள்ளி ஆட்டத்தில் கூடை விழுந்தாலும் கடிகாரம் கடைசிவரை நிற்பதில்லை. மூன்று புள்ளி பின்தங்கிய அணி 7 வினாடி மீதமிருக்கையில் இரண்டு புள்ளி எடுக்கிறது. அதனிடம் டைம்-அவுட் எதுவும் மிச்சமில்லை. முன்னிலையில் உள்ள அணி பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நடுவர் உடனே எண்ணத் தொடங்கினால், ஐந்து முடியும்போது 2 வினாடி மிச்சம். பந்து எதிரணிக்குப் போகும், ஒரு கூடைக்கு வாய்ப்புண்டு. இரண்டு வினாடி தாமதித்துத் தொடங்கினாலோ ஐந்தும் ஆட்டமும் ஒன்றாக முடியும். அதாவது வெற்றி தோல்வி முழுவதும் பூஜ்ய வினாடிக்குள் இருக்கிறது. என்பிஏவும் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவும் இந்த ஆபத்தை உணர்ந்தவை போலும். கடைசிக் காற்பகுதியின் இறுதி 2 நிமிடங்களில் கூடை விழுந்தால் அங்கே கடிகாரம் நின்றுவிடும். அது புண்ணை மூடுவதே தவிர ஆற்றுவதல்ல, ஏனெனில் மற்ற பெரும்பாலான நிமிடங்களில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வலையில் ஒரு மின்கண்ணைப் பொருத்தி, பந்து கடந்ததும் கணக்கைத் தொடங்கிவிடலாமே என்பது முதல் மறுப்பு. பந்து யாருடைய காலிலாவது பட்டுப் பார்வையாளர் வரிசைக்குள் ஓடியிருக்கலாம். புள்ளி எடுத்தவரே அதைத் தட்டிவிட்டிருக்கலாம். மின்கண்ணுக்குப் பந்து தெரியும், சூழ்நிலை தெரியாது. உடலசைவைக் கால அளவாகக் கொள்வது அநாகரிகம் என்றும் சொல்ல முடியாது; தொல்காப்பியரே மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும்தான் அளவாகத் தந்தார். யாருடைய கை என்று அவரிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

யாருடைய கை என்பதே இரண்டாவது மறுப்பு, இது சற்று வலுவானது. இரண்டு நடுவர் உள்ள ஆட்டத்தில், கூடைக்கடியில் நிற்பவரே கூடை விழுந்ததும் பின்னால் வருபவராக மாறி, அந்த எறிதலைக் கண்காணிப்பார். எனவே, இடையில் இடம் மாறாதவரை ஒரு முனை ஒருவர் கைக்கும் மறுமுனை இன்னொருவர் கைக்கும் பட்டா போட்டதுபோல் ஆகிவிடும். ஓர் அணிக்கு நிதானமான கை, மற்றதற்கு அவசரக் கை. இதற்கு விடை தவறுகளில் இருக்கிறது: ஃபவுல் விழும்போதெல்லாம் நடுவர்கள் இடம் மாறிக்கொள்வது வழக்கம், ஒழுங்கீனமே இங்கே நீதியைச் சமன்செய்கிறது. இடைவேளைக்குப் பின் அணிகளும் முனை மாறுகின்றன. மிச்சமிருக்கும் வேறுபாட்டைப் போக்க ஒரே வழி, எல்லா நடுவர்களும் ஒரே மனிதரை மனத்தில் வைத்து எண்ணுவது.

அந்த மனிதரை ஆறாமவர் எனலாம். அவர் சோம்பேறியும் அல்ல, பறப்பவரும் அல்ல. பந்து விழுந்த இடத்துக்கு நியாயமான வேகத்தில் நடந்து, குனிந்து, எடுத்து, கோட்டுக்குப் பின்னால் போவார். அவர் எடுத்து நின்றிருக்கக்கூடிய கணத்தில் நடுவரின் கை அசைய வேண்டும். மெய்யான ஆட்டக்காரர்கள் அப்போது காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாலும் சரி. எதிரணி பந்தைத் தட்டிவிட்டால் ஆறாமவரும் அதன் பின்னால் ஓடியாக வேண்டும், ஆகவே கை காத்திருக்கும். ஒரு புள்ளி முன்னிலையில், 7 வினாடி மீதமிருக்கையிலும் அவர் அதே ஒழுங்கோடு பந்தை எடுப்பார். அப்படிப்பட்டவரை எந்தப் பயிற்சியாளரும் அணியில் சேர்த்துக்கொள்ளமாட்டார்.