வாட் இருக்கட்டும், வோல்ட் எத்தனை?

கேள்வி: அண்ணாச்சி, துபாயிலிருந்து வந்த என் மச்சான் தன்னுடைய பழைய சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனை எனக்கே கொடுத்துவிட்டார். பெட்டியில் 300 ஓம் என்று போட்டிருக்கிறது. போனில் மாட்டினால் கச்சேரி முனகுகிறது. ஆம்ப் வாங்கு என்கிறார்கள், விலையோ இருபதாயிரம், முப்பதாயிரம் என்கிறார்கள். மச்சான் கொடுத்தது பரிசா, செலவா?
— அச்சக ஊழியர், எம். புதுப்பட்டி

பதில்: இரண்டும்தான். மச்சான்கள் கொடுப்பது வேறு எப்படி இருக்கும்? ஆனால் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை.

உங்கள் பக்கம் போர் போட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை அடி?" என்றுதான். ஹெச்பி எல்லாம் அப்புறம். 300 ஓம் ஹெட்போன் ஆழமான, குறுகலான போர். எடுக்கிற தண்ணீர் கொஞ்சம்தான், மேலே வர அழுத்தம் மட்டும் வேண்டும். அந்த அழுத்தம்தான் வோல்ட். உங்கள் போனிடம் தண்ணீர் இருக்கிறது, அழுத்தம் போதவில்லை.

கணக்கைப் பாருங்கள். எச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் தரும் என்கிறது கம்பெனிக் குறிப்பு. அதற்கு அது தின்பது 3.3 மில்லிவாட். தவில் உச்சத்துக்குப் போகும் அந்த ஒரு நொடிக்கு 110 டெசிபல் கிடைத்தால் வீட்டில் கேட்பவருக்குத் தாராளம். அதற்கு வேண்டியது சுமார் 2.2 வோல்ட், 17 மில்லிவாட். உங்கள் வாசலில் எரிகிற 9 வாட் எல்இடி பல்பின் கரண்டில் ஐந்நூறு எச்டி 650-களை ஓட்டலாம். இதற்கா முப்பதாயிரம்?

சினிமாப் பாட்டு போனிலேயே ஓரளவு கேட்டிருக்குமே? கேட்டிருக்கும். இப்போதைய பாட்டுகளை முதல் நொடியிலிருந்தே சத்தமாகத்தான் பதிவு செய்கிறார்கள். கச்சேரிப் பதிவில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி அதிகம். தம்புராவும் ஆலாபனையும் அடியில் கிடக்கும், தனி ஆவர்த்தனம் திடீரென்று மேலே எழும். அந்த இடைவெளிக்குத்தான் கூடுதல் வோல்ட்.

எனவே முதலில் வாங்க வேண்டியது ஆம்ப் அல்ல. யுஎஸ்பி-சி ஓட்டையில் மாட்டும் விரல் நீள டாங்கிள். 2 வோல்ட் தரும் டாங்கிள்கள் இன்று சாதாரணம். பேலன்ஸ்டு என்ற தனி ஓட்டை உள்ளவை 4 வோல்ட்கூடத் தருகின்றன, ஆனால் அதற்கு ஹெட்போனின் கேபிளை மாற்ற வேண்டும். ஆப்பிளின் சின்ன டாங்கிள் 1 வோல்ட் தரும், நல்ல சாமான். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அது முழுச் சத்தத்துக்குப் போகாமல் பாதியிலேயே நின்றுவிடும். உங்களிடம் ஐபோன் இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: கடையில் "2000 மில்லிவாட் பவர்" என்று ஒரு ஆம்பைக் காட்டுகிறார்கள். உங்கள் கணக்குக்கு 17 மில்லிவாட்தானே? மிச்சம் 1983-ஐ என்ன செய்வது?
— ஆசிரியை, திருத்தங்கல்

பதில்: நீங்கள் கணக்கு டீச்சர் என்று கடைக்காரருக்குத் தெரியாது போலும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் பெரும்பாலும் 32 ஓமுக்குச் சொன்னது. அதை வைத்து வோல்ட்டைக் கண்டுபிடிக்கலாம்: மில்லிவாட்டை ஓமால் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 2000 மில்லிவாட், 32 ஓம் என்றால் 64-இன் வர்க்கமூலம், அதாவது 8 வோல்ட். அதே 8 வோல்ட் 300 ஓமில் 213 மில்லிவாட்தான். பொய் சொல்லவில்லை, பெரிய எண் வரும் இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். 300 ஓமுக்கு எவ்வளவு என்பதையும் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் போடாத ஆம்பைக் கையில் எடுக்காதீர்கள்.

எவ்வளவு வோல்ட் வேண்டும்? பெயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் ரகத்துக்கு அதே 110 டெசிபலுக்கு 2.5 வோல்ட். டிடி 880-இன் 600 ஓம் ரகத்துக்கு 4 வோல்ட்டுக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆக, 4 வோல்ட் தரும் ஆம்ப் இந்த வகை ஹெட்போன்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். 8 வோல்ட் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்காக இரண்டு மடங்கு பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

உங்கள் பட்டாசு நாட்டுக் கணக்கும் ஒன்று சொல்கிறேன். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும் தனி வெடிகளைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று 1999-இல் மத்திய அரசு விதி போட்டது. எச்டி 650-இல் 125 டெசிபல் வர வேண்டுமானால் 12.6 வோல்ட், அரை வாட்டுக்குச் சற்று மேல். அந்த ஹெட்போன் தாங்கும் எல்லையும் ஏறக்குறைய அதுவே. அதற்கு மேல் வாங்கும் வாட்டெல்லாம் காதுக்குள் சரவெடி கொளுத்தத்தான் பயன்படும். தீபாவளி வருஷத்துக்கு ஒரு நாள் போதும்.

கேள்வி: எங்கள் சித்தப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். திருவிழா இல்லாத மாதங்களில் அகுஜா ஆம்ப் சும்மாதான் கிடக்கிறது. அதில் இந்த 300 ஓம் ஹெட்போனை மாட்டலாமா? அதிலும் ஓம் எல்லாம் எழுதியிருக்கிறதே.
— கல்லூரி மாணவர், எம். புதுப்பட்டி

பதில்: தம்பி, செய்வதற்கு முன்னால் கடிதம் எழுதினீர்களே, அதற்கே ஒரு பாக்கெட் சாத்தூர் சேவு வாங்கித் தரலாம்.

அந்த ஆம்பின் பின்பக்கம் 4, 8, 16 ஓம் என்று முனைகள் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் இருக்கும். தெருக்கோடி வரை ஒயர் இழுத்துக் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது, ஒயரிலேயே சக்தி வீணாகாமல் இருக்க வோல்ட்டை ஏற்றி அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கிக்கொள்கிறார்கள். "ஹெட்போனுக்கு வோல்ட்தான் முக்கியம் என்று பத்திரிகையில் படித்தேன்" என்று யாராவது அந்த 100 வோல்ட் முனையில் எச்டி 650-ஐக் கட்டினால், முழு வால்யூமில் 33 வாட் பாயும். தாங்குவது அரை வாட். சுருளில் இருப்பது தலைமுடியை விட மெல்லிய கம்பி. புகை வருவதற்குள் கழற்றக்கூட நேரம் இருக்காது. காதில் போட்டுக்கொண்டு சோதித்தால் அடுத்த கடிதம் டாக்டருக்குத்தான் எழுத வேண்டியிருக்கும்.

ஆனால் சித்தப்பாவிடம் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. ஆம்ப்பை விட்டுவிட்டு மிக்சரைப் பாருங்கள். மைக்குகளைச் செருகும் அந்தப் பலகையின் ஓரத்தில் 'போன்ஸ்' என்று ஒரு பெரிய ஓட்டையும் அதற்கென்று தனித் திருகும் இருக்கும். 300 ஓமை ஓட்ட அது தருகிற வோல்ட் பெரும்பாலும் போதும். எச்டி 650-உடன் வரும் பெரிய பின் நேராக அதில் போய் உட்காரும். போனிலிருந்து மிக்சருக்கு ஒரு ஒயர், மிக்சரிலிருந்து ஹெட்போன், முடிந்தது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு மாட்டி, பிறகு மெதுவாக ஏற்றுங்கள். லேசாக "ஸ்ஸ்" என்று இரைச்சல் கேட்கலாம். இலவசமாகக் கிடைப்பதில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பங்குனி, ஆடி மாதங்களில் மட்டும் மிக்சர் இல்லாமல் இருக்க வேண்டிவரும்.

கேள்வி: கடையில் வாங்காமல் நானே ஆம்ப் செய்துகொள்ள முடியுமா? ஐடிஐ முடித்திருக்கிறேன், சால்டரிங் நன்றாக வரும்.
— எலக்ட்ரீஷியன், வெம்பக்கோட்டை

பதில்: முடியும், அதற்கு அருமையான ஒரு பூர்வ கதையும் உண்டு.

2011-இல் 'என்டபிள்யூ ஏவி கை' என்ற புனைபெயரில் ஒருவர் இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தார். விலை உயர்ந்த ஆம்ப்களை எல்லாம் கருவி வைத்து அளந்து, பலவற்றின் மானத்தை வாங்கிவிட்டார். "குறை சொல்வது சுலபம், நீ ஒன்று செய்து காட்டு" என்றார்கள். செய்தார். 'ஆப்ஜெக்டிவ் 2', சுருக்கமாக ஓ2. சர்க்யூட், பாகங்களின் பட்டியல், அளவீடுகள் எல்லாவற்றையும் இலவசமாக வெளியிட்டார். அடாப்டரில் ஓடும்போது 600 ஓம் ஹெட்போனுக்கு 7 வோல்ட் வரை தரும், இரண்டு 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் ஆம்ப் அது. பிறகு 2012-இல் ஒரு நாள் எழுதுவதை நிறுத்தினார், அவ்வளவுதான். யார், என்ன ஆனார் என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. அந்த வருஷம் நம் மாவட்டங்களில் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். பேட்டரியில் ஓடும் ஓ2-வின் அருமை அப்போது இங்கேதான் அதிகம் புரிந்திருக்கும்.

அந்த டிசைனைச் செய்து விற்ற கம்பெனிகளில் ஒன்று அமெரிக்காவின் ஜேடிஎஸ் லேப்ஸ். அவர்களே 2018-இல் 'ஆட்டம்' என்ற ஆம்பை 99 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். ஷீட் கம்பெனியின் 'மேக்னி' 2012-இலேயே அதே 99 டாலர். நல்ல ஆம்ப் என்றால் லட்சம் ஆகும் என்ற பேச்சை முடித்துவைத்தவை இவை.

ஓ2-வின் பாகங்கள் எல்லாம் கிடைக்கவில்லையென்றால் என்இ 5532 என்ற எட்டுக் கால் ஐசியில் தொடங்குங்கள். 1970-களின் இறுதியில் வந்தது, இன்றும் மிக்சர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, சில பத்து ரூபாய்க்குள் கிடைக்கும். 600 ஓம் சுமையை ஓட்டுவதற்கென்றே வடிவமைத்த ஐசி என்பதால் உங்கள் 300 ஓமுக்கும் ஈடுகொடுக்கும். 32 ஓம் இயர்போனுக்கு மட்டும் மூச்சு வாங்கும். இந்த ஒரு விஷயத்தில் அதிக ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்தான் கொடுத்துவைத்தவர்.

செய்த பிறகு அளந்து பார்க்க உங்கள் மல்டிமீட்டரே போதும். 50 ஹெர்ட்ஸ் ஒலியை முழு அளவில் பாடவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஏசி ரேஞ்சில் முனையைத் தொடுங்கள். பக்கத்திலேயே டிசி ரேஞ்சிலும் ஒரு முறை தொடுங்கள். அங்கே சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால், குறையைக் கண்டுபிடிக்கும் வரை ஹெட்போனைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் பையனிடம் அந்த 99 டாலர் ஆம்பை வாங்கி வரச் சொல்லலாமா?
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், விருதுநகர்

பதில்: சொல்லலாம், ஆனால் அடாப்டரைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள். அங்கே விற்பது 115 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் செருகினால் பையன் ஊருக்குத் திரும்புவதற்குள் காலி. இன்னொரு சூட்சுமம்: இந்த வகை ஆம்ப்கள் பலவற்றுக்கு வேண்டியது ஏசி-க்கு ஏசி அடாப்டர். பஸ் ஸ்டாண்டு கடையில் கிடைப்பவை எல்லாம் டிசி. முனை அழகாகப் பொருந்தும், ஆம்ப் ஓடாது. 230 வோல்ட் அடாப்டரோடு ஆர்டர் செய்ய முடிந்தால் மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் இங்கேயே விற்கும் யுஎஸ்பியில் ஓடும் ஆம்ப் மேல்.

கேள்வி: லேப்டாப்பில் ஆம்ப் மாட்டினால் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. பேயா?
— வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: பேய் சார்ஜரைக் கழற்றினால் போகாது. இது எர்த் பிரச்சினை. உங்கள் வீட்டு எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டது எந்த வருஷம் என்று கேளுங்கள். வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கோடையில் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், மூன்று முள் பிளக்கின் மூன்றாவது முள்ளை யாரும் பிடுங்கிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவரை லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள்.

கேள்வி: ட்யூப் ஆம்ப் வாங்கினால் இளையராஜா பாட்டு இன்னும் இனிமையாக இருக்குமாமே?
— வாசகர், சிவகாசி

பதில்: 300 ஓமுக்கும் ட்யூபுக்கும் பொருத்தம் உண்மையிலேயே உண்டு. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ட்யூப் ஆம்ப்கள் கரண்டுக்குக் கஞ்சத்தனம் காட்டினாலும் வோல்ட்டை அள்ளித் தரும். அவற்றின் சொந்த இம்பீடன்ஸ் அதிகம் என்பதால் எச்டி 650-இன் அடிச் சுருதி சற்றுத் தூக்கலாகும். அதைத்தான் இனிமை என்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் மலிவு விலைக்குக் கிடைக்கும் பலவற்றில் வேலை செய்வது ஐசி, ட்யூப் பேருக்குத்தான். சிலவற்றில் ட்யூபுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்து ஒளிர வைக்கிறார்கள். வெளிச்சத்துக்குப் பணம் கொடுக்க வேண்டுமென்றால் உங்கள் ஊரில் மத்தாப்பு வாங்கலாம்.

கேள்வி: பட்டாசு ஆலை ஷெட்டில் வேலை செய்யும்போது இதைப் போட்டுக்கொண்டு பாட்டு கேட்கலாமா?
— வாசகர், எம். புதுப்பட்டி

பதில்: கூடாது. போனே கேட்டைத் தாண்டக் கூடாத இடம் அது. பக்கத்து ஷெட்டில் யாராவது "ஓடு" என்று கத்தினால் கேட்க வேண்டிய காது அது.

வீட்டிலும் அளவோடு. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வாரம் முழுவதற்கும் சேர்த்து அரை மணி நேரம்கூடக் கிடையாது.

கேள்வி: எச்டி 650 போட்டுக்கொண்டால் நான் கேட்கும் பாட்டு அடுத்த அறைக்கும் கேட்கிறது, அடுப்படிக் குக்கர் விசில் எனக்கும் கேட்கிறது. ஆம்ப் மாற்றினால் சரியாகுமா?
— மறுபடியும் அதே அச்சக ஊழியர், எம். புதுப்பட்டி

பதில்: ஆகாது. அது பின்பக்கம் திறந்த ஹெட்போன். சென்ஹைசர் 1968-இல் எச்டி 414-ஐ அப்படித் திறந்து வைத்துச் செய்ததிலிருந்து அந்தக் குடும்பத்துக்கே மூடும் பழக்கம் அதிகம் இல்லை. (அந்த 414 எத்தனை ஓம் தெரியுமா? 2000!) மூடியது வேண்டுமென்றால் பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 250 ஓம். உங்கள் டாங்கிளே அதற்கும் போதும். எச்டி 650-ஐ இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மச்சானிடம் டிடி 770-ஐயும் கேட்டுப் பாருங்கள்.