பொத்தான் ஒன்று, தட்டு ஏழு

அனுப்புநர்
டார்ச் லைட் பித்துப் பிடித்த ஐவர்,
பவானிசாகர் பக்கம்.

பெறுநர்
உயர்திரு மேலாளர் அவர்கள்,
புதுப்பொருள் சோதனைப் பிரிவு,
டார்ச் லைட் கம்பெனி.

பொருள்: தங்கள் புதிய சுவிட்சை ஒரு மாத காலம் சோதித்து அறிக்கை சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் அனுப்பிய மாதிரி விளக்குகள் ஐந்து, கருத்துப் படிவங்கள் ஐந்து, பேனா ஒன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

பேனா நன்றாக எழுதுகிறது. தலையில் ஒரு தட்டு தட்டினால் முனை வெளியே வருகிறது, இன்னொரு தட்டில் உள்ளே போகிறது. அதற்குக் கையேடு எதுவும் தேவைப்படவில்லை. அதைச் செய்தவர் உங்கள் கம்பெனிக்காரர் இல்லை என்பதை, பேனாவின் இடுப்பில் அச்சடித்திருந்த பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

முதலில் எங்களைப் பற்றி. ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவர், மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் ஒருவர், நூல்மில் வாட்ச்மேன் ஒருவர், காட்டோரம் வாழை போட்டிருப்பவர் ஒருவர். ஐந்தாவது ஆள் நான். கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதியவன் என்பதால் கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அமாவாசைக்கு அமாவாசை நாங்கள் கரட்டடியில் கூடுவோம். யாருடைய விளக்கு எந்தப் பனைமரம் வரை எட்டுகிறது என்று பார்ப்போம். வீட்டுக்காரிகள் இதைப் பற்றிச் சொல்வதை இந்த அறிக்கையில் சேர்க்கவில்லை. தாங்கள் கேட்டது சுவிட்சைப் பற்றி மட்டும்தான்.

சுவிட்சுக்கு வருகிறோம்.

பழைய மாடலில் தள்ளு சுவிட்ச் இருந்தது. கட்டை விரலால் முன்னே தள்ளினால் எரியும், பின்னே இழுத்தால் அணையும். அதை எடுத்துவிட்டு, நகக்கண் அளவில் ஒரு ரப்பர் பொத்தான் வைத்திருக்கிறீர்கள். கையேட்டின்படி, ஒரு தட்டுக்கு மங்கல் வெளிச்சம். அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும், விட்ட இடத்தில் நிற்கும். ரெண்டு தட்டுக்கு முழு வெளிச்சம். மூன்றுக்குக் கண்ணைப் பறிக்கும் மினுக்கல். நாலுக்குப் பூட்டு. ஐந்துக்குப் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று சிமிட்டிச் சொல்லும். ஆறுக்கு எஸ்.ஓ.எஸ். ஏழு தட்டினால் அதுவரை கற்றதையெல்லாம் மறந்துவிட்டுப் பிறந்த நாள் நிலைக்குத் திரும்பிவிடும். இந்த ஏழாவது வசதி மனிதர்களுக்கும் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் வாட்ச்மேன். அது அவருடைய சொந்தக் கருத்து.

இதையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் கையேட்டைப் படிக்க வெளிச்சம் வேண்டியிருக்கிறது.

முதல் வாரமே ஒரு சிக்கல் தெரிந்தது. ஒரு தட்டு தட்டினால் சில சமயம் அதை ரெண்டு தட்டாக எடுத்துக்கொண்டு முழு வெளிச்சம் அடிக்கிறது. காயில் கட்டுபவர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். (பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் உத்தரவாதம் செல்லுபடியாகிற பொருள் எதுவும் வீட்டில் இல்லை.) எந்தப் பொத்தானிலும் உலோகம் உலோகத்தைத் தொடும்போது சட்டென்று ஒட்டிக்கொள்வதில்லையாம். தரையில் போட்ட கோலிக்குண்டு மாதிரி சில மில்லி விநாடி குதித்துவிட்டுத்தான் அடங்குமாம். பழைய டார்ச்சில் இது யாருக்கும் தெரிந்ததில்லை. குண்டு பல்பின் இழை சூடேறி எரிவதற்குள் குதிப்பெல்லாம் முடிந்துவிடும். உங்கள் விளக்கில் இருக்கும் சில்லு அந்தக் குதிப்புகளைப் பொருட்படுத்தாமல் விட வேண்டும். அதுவோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறது. சங்கத்தில் எங்கள் பழைய தணிக்கையாளர் ஒருவர் இப்படித்தான் இருந்தார்.

தள்ளு சுவிட்சில் இன்னொரு சங்கதி உண்டு. தள்ளும்போதெல்லாம் தகடு தகட்டின்மேல் உரசிக்கொண்டு போகும். களிம்பு ஏறினாலும் அந்த உரசலிலேயே துடைத்துக்கொள்ளும். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் சுவிட்ச் அது. அதைத்தான் நீங்கள் 'பழமையானது' என்று கையேட்டின் முதல் பக்கத்தில் தள்ளி வைத்திருக்கிறீர்கள்.

அடுத்தது லைன்மேன் கண்டுபிடித்தது. அவர் எதையும் மல்டிமீட்டர் வைக்காமல் நம்ப மாட்டார். அணைத்து வைத்திருந்த விளக்கில் மீட்டரை வைத்தார், 1 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. பழைய சுவிட்ச் அணைத்தால் கம்பியையே பிரித்துவிடும், சொட்டுக் கரண்ட் ஓடாது. இதில் பொத்தான் எப்போது தட்டப்படும் என்று சில்லு ராத்திரி பகலாகக் கண் விழித்துக் காத்திருக்கிறது, அதற்குச் சாப்பாடு வேண்டும். அப்படித் தூங்காமல் இருக்கும் சில்லுக்கு மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கொடுத்தால் போதும், உங்கள் சில்லுக்கு வயிறு பெரிது. ஒரு நாளைக்கு 24 மில்லி ஆம்பியர் மணி. தாங்கள் போட்டிருக்கும் 2000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, ஒரு தடவைகூட எரியாமலே 83 நாளில் காலி. புயல் மழைக்கு ஆகுமென்று ஆடியில் சார்ஜ் ஏற்றிப் பெட்டியில் வைத்தால், ஐப்பசியில் எடுக்கும்போது பெட்டிதான் கனக்கும்.

அட்டைப்பெட்டியில் 'இரண்டு லட்சம் அழுத்தம் தாங்கும்' என்று போட்டிருந்தது. கணக்கெழுதியவன் கை சும்மா இருக்குமா? ராத்திரிக்குப் பத்து முறை விளக்கைப் போடுகிறவனுக்கு, முறைக்கு ஒரு தட்டு என்றால், 54 வருஷம் வரும். ஆனால் வேண்டிய வெளிச்சம் கிடைக்க எங்களுக்குச் சராசரியாக ஆறு தட்டு ஆகிறது. ஆக ஒன்பது வருஷம். மிச்ச 45 வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரிவிக்கவும்.

எஸ்.ஓ.எஸ். வசதியையும் நேர்மையாகச் சோதித்தோம். வாழைக்காரர் தன் தோட்டத்துப் பரண்மேல் ஏறி நின்று ஆறு தட்டு தட்டினார். மூன்று குட்டை, மூன்று நெட்டை, மறுபடி மூன்று குட்டை என்று விளக்கு மினுக்கியது. நடுக்கடலில் கப்பல்காரன் பார்த்தால் படகை இறக்கியிருப்பான். எங்கள் பக்கத்தில் கடல் இல்லை. அடுத்த தோட்டத்தில் மருந்தடித்துவிட்டுக் களைத்துப் படுத்திருந்தவர் எழுந்து பார்த்தார். ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு குரல் கொடுத்தார்: "ஏனுங் மாப்ள, லூசு காண்டாக்ட்டுங்! உள்ளங்கையில ரெண்டு தட்டுத் தட்டுங்!"

ஐயா, எங்கள் நாட்டில் டார்ச் ரிப்பேர் என்றால் அதுதான். எரியாவிட்டால் உள்ளங்கையில் ரெண்டு தட்டு, அதற்கும் மசியாவிட்டால் மூடியைத் திருகிப் பேட்டரிக் கட்டையைத் திருப்பிப் போடுவது. உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இந்தத் தட்டுக்கு எந்த வேலையும் ஒதுக்கப்படவில்லை. எட்டாவதாகச் சேர்த்துவிடாதீர்கள், தகவலுக்காகச் சொன்னோம்.

இப்போது கொஞ்சம் சிரிக்காமல் பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் எந்த நேரத்துக்கு வருகிறதோ அந்த நேரத்துக்கு எழுந்து போய் மோட்டாரைப் போட வேண்டும். நடு ராத்திரியானாலும் வரப்பில்தான் நடக்க வேண்டும், செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்று வெறுங்காலோடு போகிறவர்கள் பாதிப் பேர். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு, கடித்தால் பல நேரம் எறும்பு கடித்த அளவுகூட வலிக்காது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்தார்கள் என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வரப்பில் ஏதோ அசைகிறது என்று தோன்றும்போது எங்களுக்குக் கிடைப்பது ஒரு தட்டுக்கான நேரம். அந்த நேரத்தில் விளக்கு பேட்டரி இருப்பைச் சொல்ல ஆரம்பித்தால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

வெளிச்சத்தில் உங்கள்மீது குறை சொல்லவில்லை. நீல ஒளி உமிழும் எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள், அதன் வழியாகத்தான் வெள்ளை எல்.இ.டி. வந்தது, எங்கள் கரட்டடிப் பனைமரங்களும் வெளிச்சம் கண்டன. சுவிட்ச் செய்தவர்களுக்கு யாரும் நோபல் கொடுக்கவில்லை என்ற வருத்தம் உங்கள் பொறியாளர்களுக்கு இருக்கலாம். ஆனால் அதை எங்கள் கட்டை விரல்மேல் காட்டக் கூடாது.

கருத்துக் கேட்பது இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல என்பதும் எங்களுக்குத் தெரியும். நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவருக்கு 1899 ஜனவரியில் கைவிளக்குக்குக் காப்புரிமை கிடைத்தது. காகிதக் குழாய்க்குள் கட்டைகள், முனையில் பல்பு, பித்தளைப் பிரதிபலிப்பான். அந்த விளக்கைச் செய்து விற்றது, பின்னாளில் எவரெடி என்று பெயரெடுத்த கம்பெனி. அப்போதைய கட்டைகளுக்குத் தொடர்ந்து எரிக்கத் தெம்பு இல்லை, கொஞ்ச நேரம் பளிச்சென்று அடித்துவிட்டு ஓய்வெடுக்கும். அதனால்தான் அமெரிக்காக்காரர்கள் இன்றும் அதை ஃபிளாஷ் லைட் என்கிறார்கள். அந்த விளக்கில் கொஞ்சத்தை நியூயார்க் போலீஸ்காரர்களுக்குச் சும்மாவே கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள், நற்சான்று வந்தது. கவனியுங்கள் ஐயா, ராத்திரி ரோந்து போகிறவனிடம் கேட்டார்கள். எங்களைப் போல அமாவாசைக்கு அமாவாசை பனைமரம் எண்ணுகிறவர்களிடம் கேட்கவில்லை.

இதைச் சொல்லும்போது எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காரணம் உண்டு. முந்தைய மாடலுக்கு நாங்கள் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் நகல் என் கோப்பில் அகப்பட்டது. பேட்டரி மிச்சம் தெரிய வேண்டும் என்று கேட்டவர் எங்கள் லைன்மேன். மினுக்கல் கேட்டவர் வாட்ச்மேன், திருடன் கண் கூச வேண்டுமாம். எஸ்.ஓ.எஸ். வாழைக்காரருடையது, ஏதோ வெளிநாட்டு விளம்பரத்தில் பார்த்திருக்கிறார். வேட்டி மடியில் செருகிய விளக்கு தானாக எரிந்து சுட்டுவிட்டது என்று பூட்டு கேட்டவர் காயில் கட்டுபவர். (இப்போது நடக்கிற நடையில் மடியே நாலு தட்டு தட்டிப் பூட்டைத் திறந்துவிடுகிறது. சூடு அதே இடத்தில்தான்.) வெளிச்சம் 'படிப்படியாக' உயர வேண்டும் என்று எழுதியவன் நான், அந்தச் சொல் வாக்கியத்தில் அழகாக உட்கார்ந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஏழாவது தட்டு மட்டும் உங்கள் சொந்தச் சரக்கு.

அந்த நாலு பக்கக் கடிதத்தில் ஓரிடத்திலும் 'தட்டினால் எரிய வேண்டும்' என்று நாங்கள் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

மூன்றாம் வாரம் என் அம்மா இந்தச் சோதனையில் தானாகவே சேர்ந்துகொண்டார். வயது எண்பது. ராத்திரி ரெண்டு மணிக்குச் சினை மாடு கத்துகிறது என்று எழுந்தவர், கைக்குக் கிடைத்த உங்கள் விளக்கை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனார். தட்டினார். விளக்கு பூட்டில் இருந்தது. மறுபடி தட்டினார், எண்ணித் தட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. உள்ளங்கையில் ரெண்டு போட்டார். அப்போது பூட்டு திறந்து மினுக்கல் அடித்ததில் மாடு மிரண்டு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டது. என்னை எழுப்பி, "ஏஞ்சாமி, இதென்ன வெளக்கா, வாணமா?" என்று கேட்டார். அப்புறம் உறியில் கிடந்த தன் ரெண்டு கட்டை லைட்டை எடுத்தார். பித்தளை உடம்பு, கண்ணாடியில் ஒரு கீறல், தள்ளு சுவிட்சுக்குப் பக்கத்தில் சிவப்புக் குமிழ் ஒன்று. தள்ளினார், எரிந்தது. கன்று காளை.

உங்கள் படிவத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். 'பொத்தானை அழுத்தும்போது தங்களுக்கு ஏற்படும் உணர்வு: உற்சாகம், மிகுந்த உற்சாகம், பேருற்சாகம் – ஏதேனும் ஒன்றில் குறியிடுக.' கேட்டுவிட்டு, "உனக்கு வேற சோலி இல்லியா சாமி?" என்றார். அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் கோரிக்கை சின்னதுதான். ஏழு வசதியையும் வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கும் அமாவாசையில் பொழுது போக வேண்டும். ஆனால் பின்பக்கம் தனியாக ஒரு சுவிட்ச் வையுங்கள், கம்பியையே பிரிக்கிற சுவிட்ச். பாதி அழுத்தினால் உடனே எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். முழுக்க அழுத்தினால் 'டிக்' என்று நிலைக்க வேண்டும். அப்படிப்பட்ட சுவிட்ச் சந்தையில் பல வருஷமாக இருக்கிறது. சில விளக்குகளில் அழுத்தினால் எரியாது, அழுத்திவிட்டு விரலை எடுத்த பிறகுதான் எரியும். அதை வைத்துவிடாதீர்கள், விரலை எடுக்கும் வரை விரியன் காத்திருக்காது. பொத்தான் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். சேற்றுக்கையில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேட இன்னொரு டார்ச் தேவைப்படுகிறது.

மாதிரிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். மூன்று விளக்குகள் இத்துடன் வருகின்றன. நான்காவது, காயில் கட்டுபவர் பிரித்தது, தனி டப்பாவில் வருகிறது. ஸ்பிரிங் ஒன்று அதிகமாக இருக்கிறது. எங்களுடையதாக இருந்தால் திருப்பி அனுப்பவும்.

ஐந்தாவது விளக்கு வாழைக்காரரின் பரணில் எஸ்.ஓ.எஸ். போட்டுக்கொண்டே இருக்கிறது, எத்தனை தட்டு தட்டியும் நிற்கவில்லை. மூன்று நாளாகக் காட்டுப்பன்றி அந்தப் பக்கம் வரவில்லை என்பதால் அவர் பேட்டரியைக் கழற்ற விடமாட்டேன் என்கிறார். சார்ஜ் தீர்ந்ததும் அனுப்பி வைப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் நேற்று அவர் சார்ஜர் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஐவர் சார்பாகக் கணக்கெழுதியவன்.

இணைப்பு: விளக்கு 3, டப்பா 1, நிரப்பிய படிவம் 5, ஓரத்தில் எழுதியது 1. பேனாவை வைத்துக்கொண்டோம்.