சங்கிலி போட்ட பயணம்

கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே நெவாடாவுக்குப் போகும் 80-ஆம் எண் நெடுஞ்சாலை, சியரா நெவாடா மலைத்தொடரை டானர் உச்சியில் கடக்கிறது. வழியில் உள்ள சாக்ரமென்டோ நகரம் கிட்டத்தட்ட கடல்மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 90 மைலில் சாலை 7,239 அடி உயரத்துக்கு ஏறிவிடும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கணினி வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வந்த பெற்றோருக்குப் பனி காட்டப் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் அழைத்துப் போகிறார்கள். பனியை எவ்வளவு நேரம், எவ்வளவு அருகில் காட்டுவது என்பதை மட்டும் பனியே முடிவு செய்கிறது.

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து, இருப்பதையெல்லாம் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் கொட்டிவிட்டுப் போகிறது. உச்சிக்கு அருகே சோடா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் உள்ள பனி ஆய்வகம் 1946 முதல் இதை அளந்துவருகிறது. 2022-23 பருவத்தில் அங்கே விழுந்த பனி மொத்தம் 754 அங்குலம், அதாவது ஏறத்தாழ 63 அடி. இந்தப் பனி பஞ்சு போன்றதும் அல்ல. நீர் மிகுந்து கனமாக இருப்பதால் அதற்கு உள்ளூரில் 'சியரா சிமென்ட்' என்றே பெயர். பனிச்சண்டை போடலாம் என்று வரும் பேரன், முதல் உருண்டை தோளில் பட்டதும் சமாதானத்துக்கு வருவது இதனால்தான்.

குடும்பம் காரில் உட்காரும் முறையில் பெரும்பாலும் மாற்றம் இருக்காது. ஸ்டியரிங் மாப்பிள்ளை கையில். பக்கத்து இருக்கை, மரியாதை கருதி, மாமனாருக்கு. பின்னால் மகள், மாமியார், இரண்டு குழந்தைகள். மாமியார் குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டரும் அணிந்து, மடியில் புளியோதரைத் தூக்கோடு இருப்பார். தயிர்சாதம், முறுக்கு டின், ஃபிளாஸ்க் ஆகியவை காலடியில். பனிச் சங்கிலி எல்லாவற்றுக்கும் அடியில், டிக்கியின் ஆழத்தில். தேவைப்படும்போது அதை எடுக்க, ஒரு வார உணவை முதலில் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கி வைக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப்பக்கம். எனவே மாமனார் உட்காரும் முன் வலது இருக்கை, அவர் ஊரில் முப்பது வருடம் வண்டி ஓட்டிய அதே இருக்கை. கண் சாலையைப் பார்க்கிறது, கை மடியில் இருக்கிறது, வலது கால் மட்டும் பிரேக்கைத் தேடுகிறது. பிரேக் அங்கே இல்லை என்பது காலுக்குத் தெரியாது. காருக்கு முன்னால் எது வந்தாலும் அது தரைவிரிப்பை முழு பலத்தோடு மிதிக்கும். நூறு மைலுக்குள் ரப்பர் விரிப்பில் குதிகால் அளவுக்கு ஒரு குழி விழுந்திருக்கும்.

சாக்ரமென்டோ தாண்டி முதல் ஐம்பது மைலில் பயமே இருக்காது. மாமனார் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அம்பாசிடரில் ஏறிய கதையைச் சொல்வார். "இதுல வளைவே இல்லையே மாப்பிள்ளை, இதையா மலைப்பாதைங்கறீங்க?" என்ற ஏமாற்றம் ஆபர்ன் ஊரைத் தாண்டும்வரை நீடிக்கும். அதற்கு மேல் மழை வெளுக்கத் தொடங்கும். பிறகு மழைச் சத்தம் நின்றுவிடும். பனி விழும்போது சத்தம் இருப்பதில்லை. மாமனாரின் கதையும் அந்த இடத்தில் நின்றுவிடும்.

அடுத்து வருவது சங்கிலிச் சோதனை. மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸ் இதை மூன்று படிகளாக வைத்திருக்கிறது. முதல் படியில் சங்கிலியோ பனி டயரோ இருந்தால் போகலாம். இரண்டாம் படியில், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாகவும் நான்கிலும் பனி டயராகவும் இருந்தால் மட்டும் விலக்கு. மற்ற எல்லோரும் சங்கிலி மாட்ட வேண்டும். மூன்றாம் படியில் யாருக்கும் விலக்கில்லை. ஆனால் நிலைமை அவ்வளவு மோசமாகும் முன்பே பெரும்பாலும் சாலையையே மூடிவிடுவார்கள். சங்கிலிக் கட்டுப்பாடு உள்ள பகுதியில் வேகம் மணிக்கு 25 அல்லது 30 மைல்தான்.

சங்கிலி மாட்டக் கூலிக்கு ஆள் கிடைப்பார்கள். கால்டிரான்ஸிடம் அனுமதி வாங்கி, எண்ணிட்ட அட்டையோடு சாலை ஓரத்தில் நிற்பார்கள். கூலியைக் கேட்டதும் மாமனார் மனத்துக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பார். "இதுக்குப் போயா? நாமளே மாட்டிக்கலாம்" என்ற முடிவு அந்தப் பெருக்கலின் விடை.

மாட்டும் முறை வருமாறு. சங்கிலியை டயரின் பின்பக்கமாகக் கொடுத்து, மேலே இழுத்துப் போர்த்தி, உட்பக்கக் கொக்கியை முதலிலும் வெளிப்பக்கக் கொக்கியை அடுத்தும் மாட்டி, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் இறுக்க வேண்டும். உட்பக்கக் கொக்கி கண்ணுக்குத் தெரியாது. சேற்றுப் பனியில் மல்லாந்து படுத்து விரலால் தேட வேண்டும். கையுறை போட்டால் விரலுக்குக் கொக்கி தெரியாது. கழற்றினால் ஐந்து நிமிடத்தில் விரல் இருப்பதே தெரியாது. பேத்தி செல்போன் விளக்கைப் பிடித்திருப்பாள். வெளிச்சம் அப்பாவின் கண்ணில் விழும். "என்னங்க, படத்துல வேற மாதிரி போட்டிருக்கே" என்று கண்ணாடியை ஒரு அங்குலம் இறக்கி மகள் சொல்வாள்.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு, சட்டைக்குள் பனி உருகி ஓட, மாப்பிள்ளை எழுந்து நிற்கும்போது, கூலி ஆள் வந்து பார்த்துத் தலையை ஆட்டுவார். சங்கிலி இழுக்கும் சக்கரத்தில் இருக்க வேண்டும். இந்தக் காரில் இழுப்பது முன்சக்கரம். சங்கிலி பின்சக்கரத்தில். அவர் அதைக் கழற்றி முன்னால் மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகாது. கூலியைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறியபின் ரூபாய்க் கணக்கை யாரும் பேசுவதில்லை.

சங்கிலி எதற்கு என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். மணிக்கு 30 மைலில் போகும் கார் பிரேக் பிடித்தபின் நிற்க, காய்ந்த தாரில் சுமார் 13 மீட்டர் போதும். அமுங்கிய பனியில் வெறும் டயருக்கு 45 மீட்டர்வரை ஆகலாம். பனிக்கட்டியில் 90 மீட்டர். கண்ணாடிப் படலமாக உறைந்து, அடியில் இருக்கும் தாரின் கறுப்பையே காட்டும் 'கரும்பனி' இவற்றில் மோசமானது. அது ஈரச் சாலையைப் போலவே இருக்கும். கீழிருந்தும் காற்றடிப்பதால் பாலங்களில் முதலில் உறையும். வண்டி வழுக்கினால் பிரேக்கை அழுத்தாமல், வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப வேண்டும். இது மனித இயல்புக்கு எதிரானது. பின் இருக்கையின் இயல்புக்கு இன்னும் எதிரானது: "பிரேக் போடுங்க, பிரேக் போடுங்க!"

எமிகிரன்ட் கேப் என்ற இடத்தைத் தாண்டி உச்சிவரை உள்ள பகுதியே பயத்தின் உச்சமும். காற்று பனியைக் குறுக்கே வீச, வானமும் சாலையும் ஒரே வெள்ளையாகிவிடும். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் உலகில் மிஞ்சியிருக்கும். சங்கிலி 'கடகட' என்று அரைக்கும். மாமியார் கந்த சஷ்டி கவசத்தை இரண்டாம் முறை ஆரம்பிப்பார். இந்த நேரம் பார்த்துப் பேரன் செல்போனில் இந்த மலையின் வரலாற்றைப் படித்துக் காட்டுவான். 1846-இல் டானர் என்பவரின் தலைமையில் மேற்கே புறப்பட்ட 87 பேரில் பெரும்பாலோர் இந்த மலையில் பனியில் மாட்டிக்கொண்டார்கள். உணவு தீர்ந்து, இறந்தவர்களின் உடலைச் சிலர் உண்ண நேர்ந்தது. 87 பேரில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களே பிழைத்தார்கள். 1952 ஜனவரியில் ஒரு ரயிலே 226 பேரோடு மூன்று நாள் இதே மலையில் புதைந்து நின்றது. அதில் வந்த பயணிகள் பிழைத்துக்கொண்டார்கள்.

காரில் அமைதி நிலவும். மாமியார் புளியோதரைத் தூக்கின் மூடியை ஒருமுறை திறந்து, அளவைப் பார்த்து, மூடுவார்.

இந்தக் கட்டத்தில் கார் ஊர்வது மணிக்கு 15 மைலில். முன் வண்டிக்கும் இதற்கும் ஒரு தெரு இடைவெளி. மாப்பிள்ளையின் இரு கையும் ஸ்டியரிங்கில். யாரும் அவரிடம் பேசுவதில்லை. பயம் அதிகமாக இருக்கும் இடத்தில் ஆபத்து குறைவாக இருப்பது இப்படித்தான். பயம் தன் பங்குக்கு ஒரு சங்கிலியை மாட்டிவிடுகிறது. அதைக் கழற்றும் இடம்தான் கவனிக்க வேண்டிய இடம்.

உச்சிக்குக் கிழக்கே இறக்கம். சிறு கியரில், பிரேக்கை நம்பாமல் இறங்கினால், வலப்பக்கம் பள்ளத்தில் டானர் ஏரி தெரியும். மேகம் விலகி வெயில் வரும். கட்டுப்பாடு முடியும் இடத்தில் சங்கிலியைக் கழற்றியதும் கார் திடீரென்று சாதுவாகிவிடும். பேச்சு திரும்பும். முறுக்கு டின் திறக்கப்படும். டிரக்கி ஊருக்குள் நுழையும்போது மாமனார் ஊருக்குப் போன் போட்டு, "ரோடெல்லாம் ஒண்ணுமில்லப்பா, நம்ம கொல்லிமலை மாதிரிகூட வராது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

வாடகை வீட்டின் வாசல் சரிவு நிழலில் இருக்கும். அங்கே கார் மனிதன் நடக்கும் வேகத்தில் திரும்பி, மேலும் திரும்பி, யாரும் கேட்காமலேயே பக்கவாட்டில் நகர்ந்து, பனிக்குவியலில் மெத்தென்று மூக்கைப் புதைத்து நிற்கும். சேதம்: ஒரு டின் முறுக்கு.

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டார். மாமனார் போனை அணைத்து, கீழே குனிந்து தன் வலது காலைப் பார்ப்பார். போன் பேசும் சுகத்தில் அது இருக்கையின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டிருக்கும்.

"என் தப்புதான் மாப்பிள்ளை. காலை எடுத்துட்டேன்."