ஒன்றியத்தை விட்டு விலகிய மறுநாள்: ஒரு செயல்முறைக் கையேடு

1973-ல் போய்ச் சேர்ந்த, பிறகு ஐரோப்பிய ஒன்றியமாகிவிட்ட ஐரோப்பியக் கூட்டமைப்பில் இருப்பதா, கிளம்புவதா என்று பிரிட்டன் தன் மக்களைக் கேட்டது 2016 ஜூன் 23, வியாழக்கிழமை. 51.9 சதவீதம் பேர் கிளம்பலாம் என்றார்கள். 48.1 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள். கிளம்பி எங்கே போவது என்று வாக்குச்சீட்டில் கேள்வி இல்லை. ஆகவே யாரும் பதில் எழுதவும் இல்லை.

நாளைக்கு உங்கள் நாட்டுக்கும் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை விடியலாம். அன்று பதறாமல், அல்லது முறையாகப் பதற, பிரிட்டன் மக்களின் அனுபவத்திலிருந்து திரட்டிய வழிமுறைகள் இவை. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டவருக்கும் பொருந்தும். ஒழுங்காகப் பின்பற்றினால், "சரி, அடுத்து என்ன?" என்ற தொந்தரவான கேள்வி சில ஆண்டுகளுக்கு உங்கள் பக்கமே வராது.

1. ராத்திரி வாயைத் திறக்காதீர்கள்

வாக்குப்பதிவு முடிந்த இரவு பத்து மணிக்கு, வெளியேறச் சொல்லி வாழ்நாளெல்லாம் முழங்கிய நைஜல் ஃபராஜே, 'இருக்கலாம்' தரப்புதான் ஜெயிக்கும்போல என்றார். பவுண்டு மதிப்பு ஒன்றரை டாலருக்கு ஏறியது. நள்ளிரவு தாண்டியதும் சண்டர்லேண்ட் நகரின் முடிவு வந்தது: 61 சதவீதம் வெளியேற. அங்கே இருக்கும் நிசான் ஆலையின் கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. விடிவதற்குள் பவுண்டு 31 ஆண்டுகளில் காணாத பள்ளத்தில் கிடந்தது. ஃபராஜ் சுதந்திர தினம் கொண்டாடிக்கொண்டிருந்தார். ஆகவே காலை வரை பொறுங்கள். விடிந்ததும், "நேற்று ஒரு நாட்டில் படுத்தேன், இன்று வேறு நாட்டில் எழுந்தேன்" என்று சொல்லுங்கள். தெருவில் எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நீங்களே யோசித்துக் கண்டுபிடித்ததுபோலச் சொல்லுங்கள்.

2. ஜெயித்திருந்தால், வாக்குறுதியை முதலில் இறக்கி வையுங்கள்

ஐரோப்பாவுக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதைப் பொது மருத்துவ சேவைக்குக் கொடுப்போம் என்று சிவப்புப் பேருந்தின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதி ஊரெல்லாம் ஓட்டினார்கள். முடிவு வந்த அன்று காலையே தொலைக்காட்சியில் ஃபராஜிடம் கேட்டார்கள். அதற்கு உத்தரவாதம் தர முடியாது, அப்படிச் சொன்னது தப்பு என்றார். அந்தப் பேருந்து அவருடைய அணியைச் சேர்ந்ததல்ல என்பது அவருக்கு வசதி. பேருந்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களோ அன்று வேறு வேலையாக இருந்தார்கள். கறி உணவகம் நடத்துபவர்களுக்குத் தனி வாக்குறுதி ஒன்று இருந்தது: ஐரோப்பியர் வரத்து நின்றால் நம் துணைக்கண்டத்துச் சமையல்காரர்களுக்கு விசா எளிதாகும் என்று அமைச்சர் பிரீத்தி பட்டேலே பிரசாரம் செய்தார். நம்பி ஓட்டுப் போட்ட பங்களாதேஷ் முதலாளிகள் பிறகு தந்தூரி அடுப்பு முன்னால் ஆளில்லாமல் நின்றார்கள். விதி இதுதான்: வாக்குறுதி அடுத்தவருடையது, வெற்றி மட்டும் நம்முடையது.

3. தோற்றிருந்தால், மனுப் போடுங்கள்

இரண்டாவது வாக்கெடுப்புக் கேட்டு நாடாளுமன்ற இணையதளத்தில் 41 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த மனுவை மே மாதமே தொடங்கி வைத்தவர் வெளியேறும் தரப்பு ஆள். தன் தரப்பு தோற்றுவிடும் என்று பயந்து முன்கூட்டியே போட்டு வைத்தது. தோற்றவர்கள் வந்து சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்துகளில் 39,000 வத்திக்கானிலிருந்து வந்ததாகக் காட்டியது. அந்த நகரில் ஆயிரம் பேர்கூட இல்லை. 77,000 கையெழுத்தை அடித்துவிட்டார்கள், மீதியை அரசாங்கம் நிராகரித்துவிட்டது. கவலை வேண்டாம். மனு நிறைவேறுவதற்காகப் போடுவதல்ல, பொத்தானை அழுத்தியதும் மனசு லேசாவதற்காகப் போடுவது.

4. எதிர்த்தரப்புக்கு அறிவில்லை என்று நிறுவுங்கள்

முடிவு வந்த பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன என்று பிரிட்டனில் பலர் கூகுளில் தேடினார்கள் என்று செய்தி வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று உலகமே சிரித்தது. தேடியவர்கள் எத்தனை பேர், எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டவர்கள், ஓட்டே போடாதவர்களா என்றெல்லாம் அந்தச் செய்தியில் இல்லை. நீங்களும் கேட்காதீர்கள், கேட்டால் சிரிப்பு போய்விடும்.

அடுத்து, "எனக்குத் தெரிந்து ஒருத்தர்கூட அப்படிப் போடவில்லையே!" என்று வியப்படையுங்கள். இது பொய்யாகவும் இருக்காது. லிங்கன்ஷயரில் வயல்கள் சூழ்ந்த பாஸ்டன் ஊரில் 75.6 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். லண்டனின் லாம்பெத்தில் 78.6 சதவீதம் பேர் இருக்கச் சொன்னார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் சில மணி நேரம்தான். ஒருவர் ஊருக்கு மற்றவர் போனதில்லை என்பதால் இருவருமே தங்களைத்தான் 'மக்கள்' என்று நினைத்திருந்தார்கள்.

5. விட்டதைக் கேட்டு வாங்குங்கள்

கார்ன்வாலில் 56.5 சதவீதம் பேர் வெளியேற ஓட்டளித்தார்கள். ஐரோப்பாவிடமிருந்து ஆண்டுக்குச் சராசரி ஆறு கோடி பவுண்டு உதவி வாங்கிக்கொண்டிருந்த மாவட்டம் அது. முடிவு வந்த அன்றே, அந்தத் தொகை குறையாமல் கிடைக்க உறுதி வேண்டும் என்று அதன் உள்ளாட்சி மன்றம் கோரியது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று பழிக்காதீர்கள். போரிஸ் ஜான்சன் இதையே தேசியக் கொள்கையாக வைத்திருந்து பிரதமரும் ஆனார்.

6. பாட்டி பிறந்த ஊரை விசாரியுங்கள்

பாட்டியோ தாத்தாவோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் ஐரிஷ் குடியுரிமை கிடைக்கும், அதோடு ஐரோப்பாவும் திரும்பக் கிடைக்கும். பெல்ஃபாஸ்ட் தபால் நிலையத்தில் பாஸ்போர்ட் படிவமே தீர்ந்துபோனது. அவசரப்பட வேண்டாம் என்று அயர்லாந்து வெளியுறவு அமைச்சர் கெஞ்ச வேண்டியதாயிற்று. பாட்டி அமையாதவர்கள் தேசபக்தியோடு நீல நிற பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கலாம். பிறகு அதன் ஒப்பந்தம் பிரெஞ்சு-டச்சு நிறுவனத்துக்குப் போய், போலந்தில் தயாராகி வந்தது.

7. பக்கத்து வீட்டுக்காரரைக் கவனியுங்கள்

முடிவைத் தொடர்ந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, லண்டன் ஹாமர்ஸ்மித்தில் இருக்கும் போலந்து பண்பாட்டு மையத்தின் வாசலில் யாரோ வசை எழுதி வைத்திருந்தார்கள். நல்லவர்கள் பூங்கொத்தும் வாழ்த்து அட்டையும் கொண்டுவந்து குவித்தார்கள். பலர் சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு, "நான் உங்கள் பக்கம்" என்று காட்டினார்கள். ஊக்கு மலிவு. தைரியமாகக் குத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு அகதியாகப் போய், அந்த நாட்டுக் குடிமகனாகி, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்குக் குடிவந்தவர் என்றால் ஊக்கு போதாது. ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கம் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. ஜெர்மன் குடிமக்களுக்கு இந்த வாக்கெடுப்பில் ஓட்டு இல்லை. காமன்வெல்த் நாட்டவருக்கு உண்டு. சென்னையிலிருந்து படிக்க வந்த மாணவரும் போடலாம். அந்த மாணவர் நீங்களாக இருந்து, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தம்பி, நீர் வந்து ரெண்டு வருசந்தானே? உமக்கு வோட் இருக்காம், எனக்கு இல்லையாம்" என்றால், கையேட்டைப் புரட்டாதீர்கள். இதற்கு இதில் பதில் இல்லை.

8. தேதியை மட்டும் நம்பாதீர்கள்

முதலில் 2019 மார்ச் 29 என்றார்கள். பிறகு ஏப்ரல் 12, பிறகு அக்டோபர் 31. அந்தக் கடைசித் தேதியைப் பொறித்து அச்சடித்த 50 பென்ஸ் நாணயங்கள் சுமார் பத்து லட்சத்தை உருக்க வேண்டியிருந்தது. உண்மையில் வெளியேறியது 2020 ஜனவரி 31, இரவு பதினொரு மணிக்கு. அதற்குள் மூன்றாவது பிரதமர் வந்தாகிவிட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில், நெதர்லாந்துத் துறைமுகத்தில் இறங்கிய லாரி ஓட்டுநர்களின் பன்றி இறைச்சி சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். ரொட்டியையாவது தாருங்கள் என்று கேட்டவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. "அடுத்து என்ன?" என்ற கேள்விக்கு எங்காவது பதில் வேண்டுமென்றால், ஓட்டுப் போட்ட மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சம் பேரை விட்டுவிட்டு ஓட்டில்லாத அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போங்கள். தங்கும் உரிமைக்கு 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பிக்க வேண்டியவர் அவர்தான். அரசாங்கத்தின் செயலி தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு போனில் மட்டுமே வேலை செய்தது. ஐபோன்காரர்கள் அடுத்தவர் போனைக் கடன் வாங்கினார்கள். எந்த வருடத்து வங்கிக் கணக்கு விவரம், எந்த வீட்டு வரி ரசீது, எந்தச் சம்பளச் சீட்டு என்று அவருக்கு அத்துப்படி. போகும்போது ஊக்கைக் கழற்றிவிட்டு, பேனா எடுத்துக்கொண்டு போங்கள்.