சேமித்தது சேமித்தல்: ஓர் ஆய்வு

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ ஒன்று என்றார் பவணந்தியார். நிரல் எழுதுவோரிடையே மலிந்து கிடக்கும் ‘சேமித்தது சேமித்தல்’ பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஓலையில் கன்ட்ரோல் எஸ் கிடையாது. அவர் விட்ட இடத்தை நிரப்ப இக்கட்டுரை முயல்கிறது.

முதற்கண் ஆய்வுக்களம். விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் எடிட்டர், 2022 மார்ச்சில் வந்த 1.66ஆம் பதிப்பில் லோக்கல் ஹிஸ்டரி என்றொரு வசதியைச் சேர்த்தது. சேவ் செய்யுந்தோறும் அது ஒரு பிரதியை ஒதுக்கி வைக்கும். கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர். அதனுள் பொருளற்ற நாலெழுத்துப் பெயர்களில் பிரதிகள். எது முந்தியது, எது பிந்தியது என்பதைப் பெயர் காட்டாது. அதைச் சொல்ல என்ட்ரீஸ் என்றொரு ஜேசன் கோப்பு கூடவே இருக்கிறது. சங்க நூல்களுக்கு இப்படி ஒன்று வாய்த்திருந்தால் எத்தனை பேராசிரியர்கள் இன்றும் நண்பர்களாக இருந்திருப்பர்!

இப்பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் தேடினால் பெரும்பாலும் நேரம் ஒன்றே வேறுபடுகிறது. காரணம் எளிது. எடிட்டர் எழுத்தை ஒப்பிடுவதில்லை, மாற்றம் நிகழ்ந்ததா என்றே பார்க்கிறது. ஒரு ஸ்பேஸ் தட்டி, அதை அழித்து, சேவ் செய்தால் கோப்பு பழைய கோப்பே; வரலாறு மட்டும் ஒரு படி வளர்ந்துவிடும். 10 விநாடிக்குள் அடுத்தடுத்துச் செய்த சேவ்களை ஒன்றாக்கிவிடும் கருணை அதற்கு உண்டு. பதினோராம் விநாடியில் விரல் அரித்தால் அது பொறுப்பன்று.

இனி, சிக்கலான வகை. ஒரு வரியைத் திருத்துகிறோம், ஓட்டுகிறோம், உடைகிறது, பழையபடியே மாற்றி வைக்கிறோம். இப்போது முதற்பிரதியும் மூன்றாம் பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இரண்டும் ஒரே பாடமா? ஒன்றே என்பார் ஒரு சாரார். அவர்கள் கிட் என்னும் பதிப்புக் கருவியின் மதத்தினர். கிட், உள்ளடக்கத்தைக் கொண்டே ஹாஷ் கணிப்பதால் ஒரே உள்ளடக்கத்தை ஒரு முறைதான் வைத்துக்கொள்ளும். மாற்றமில்லாமல் கமிட் கேட்டால் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பும். அவர்கள் கூற்று பொருந்தாது என்பது எம் துணிபு. முதற்பிரதியை எழுதியவர் நம்பிக்கையோடு இருந்தார். மூன்றாவதை எழுதியவர் ஒரு வழி அடைபட்டது என்று அறிந்தவர். நடுவில் கிடக்கும் தோல்விக்கு இவ்விரண்டுமே கரைகள். ஒன்றை நீக்கினால், அந்தத் தோல்வியிலிருந்து மீண்டோமா என்பதே தெரியாமல் போகும். ஆகவே அடுத்தடுத்து நிற்கும் இரட்டைகளைக் களைக. இடையிட்டு வருவனவற்றைக் காக்க.

‘இருந்துவிட்டுப் போகட்டுமே, டிஸ்க்கா நிறைந்துவிடும்?’ என்பாரும் உளர். டிஸ்க் நிறையாது, இடம் நிறையும். வி.எஸ். கோடில் ஒரு கோப்புக்கு 50 பிரதி என்பதே இயல்பான வரம்பு. எக்லிப்ஸ் எடிட்டரும் 50 என்றே வைத்து, 7 நாள் கெடுவும் விதித்தது. இன்டெல்லிஜே எண்ணிக்கையை விட்டு வேலை நாள் ஐந்து என்று கணக்கிடுகிறது. விடுமுறைக்கு மரியாதை தரும் மென்பொருள் அரிது. பழைய வி.எம்.எஸ். கணினிகளில் அரைப்புள்ளிக்குப் பின் எண்ணிட்டுப் பதிப்புகள் குவியும். பர்ஜ் என்று கட்டளையிட்டால் கடைசி ஒன்று நீங்கலாக அனைத்தும் போகும். வி.எஸ். கோடில் 51ஆவது வந்தால் முதலாவது போகிறது. வந்தது இரட்டையா, போனது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரே பிரதியா என்று அது கேட்பதில்லை.

வரம்பை செட்டிங்ஸில் கூட்டலாம். கூட்டுவோர் எல்லாம் தொலைத்த பிறகே கூட்டுவர். முன்யோசனை உள்ளோர் சிலர், ஓடுகிற பிரதிக்கு டைம்லைனில் ‘இதுதான் சரி’ என்று பெயர் சூட்டி நிம்மதியாக உறங்குவர். பெயர் பெற்றதும் ஐம்பதில் ஒன்றே. முறை வந்தால் அதுவும் வெளியே போகும். அந்த இடத்துக்கு வருவது, பெரும்பாலும், ஸ்பேஸ் தட்டி அழித்த பிரதி.