இன்னும் வண்டி எடுக்காதவர்

மின் ஸ்கூட்டர் வாங்கப்போகிறவர் என்னும் வகையினர் சென்னையில் மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படுகின்றனர். வயது நாற்பதுக்கு மேல். அலுவலகம் கிண்டியிலோ நந்தனத்திலோ. போக வர ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இப்போது ஓட்டுவது இருக்கை கிழிந்த பெட்ரோல் ஸ்கூட்டர். "எப்படியும் வண்டி மாத்தப்போறோம்" என்பதால் இருக்கையைத் தைப்பதில்லை. இந்த நிலை ஐந்தாறு வருடம் வரை நீடிப்பதுண்டு.

தேடல் எப்போதும் ஒரு லட்சம் ரூபாயில் தொடங்குகிறது. ஆன் ரோடு விலை அதைத் தாண்டக் கூடாது என்பது வீட்டில் எடுத்த முடிவு. அந்த விலைக்குச் சின்ன பேட்டரிதான் வரும். கொஞ்சம் சேர்த்துப் போட்டால் 3 கிலோவாட்-அவர் பேட்டரி. இன்னும் கொஞ்சம் போட்டால் தொடுதிரை. அதற்கும் மேலே எட்டு வருட வாரண்டி. ஒன்றரை லட்சத்தைத் தொட்டதும் பயம் வந்து, ஒரேயடியாகக் கீழே இறங்கி, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத 250 வாட் வண்டிக்கு வந்து சேர்வார். அதற்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். அதே வண்டியில் மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏறுவதையும் பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிப்பதையும் நினைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு லட்சத்துக்குத் திரும்புவார். இவ்வளவும் ஒரே மாலையில், காபி ஆறுவதற்குள் நடந்து முடியும்.

இவருடைய அடிப்படைக் கொள்கை, பொறுத்தால் விலை குறையும் என்பது. பேட்டரி விஷயத்தில் இது பொய்யல்ல. ஆனால் மானியம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. 2023 மே வரை பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட்-அவருக்கும் மத்திய அரசு 15,000 ரூபாய் வரை கொடுத்தது. ஜூன் 1 முதல் அது 10,000 ஆகி, அதற்கும் விலையில் 15 சதவீதம் என்று வரம்பு வந்தது. 2024 ஏப்ரலில் 5,000. ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000. அடுத்த ஏப்ரலில் அதிலும் பாதி. ஒவ்வொரு குறைப்புக்கும் முந்தைய வாரம் ஷோரூமில் கூட்டம் அலைமோதும்போது இவரும் அங்கே இருப்பார். கூட்டத்தில் எடுத்தால் சரியாகப் பார்த்து எடுக்க முடியாது என்று திரும்பிவிடுவார்.

தகவல் திரட்டும் இடம் சிவப்பு விளக்கு. பக்கத்தில் மின் ஸ்கூட்டர் வந்து நின்றால் போதும்.

"ஒரு சார்ஜுக்கு எவ்ளோ சார் போகுது?"

"நூறு போகுது சார்."

"அது கம்பெனி சொல்றது. உங்களுக்கு எவ்ளோ போகுது?"

நியாயமான கேள்விதான். கம்பெனி அச்சடிக்கும் தூரம் சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓடி எடுத்தது. பின்சீட்டில் ஆளும் முன்னால் காய்கறிப் பையும் இருக்கும் வண்டி அதில் முக்கால் பங்கு போனால் நல்ல வண்டி. ஆனால் வாங்கியவர் யாரும் தம் வண்டியை விட்டுக்கொடுப்பதில்லை என்பதால், கிடைத்த விடையில் இன்னொரு பத்தைக் கழித்துக்கொண்டுதான் நோட்டில் எழுதுவார்.

அந்த நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதம் 26 நாள், 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய்ச் சொச்சம் என்று வைத்தால் செலவு 1,700-க்கு மேல். மின்சாரமானால் சார்ஜர் சூட்டில் வீணாவதையும் சேர்த்து 30 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றாலும் 150 ரூபாய். இதோடு நோட்டை மூடிவிட்டு வண்டியை எடுத்திருக்கலாம். ஆனால் அடுத்த பக்கத்தில் 500 யூனிட் இருக்கிறது. இரண்டு மாதக் கணக்கு 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த மலிவு விலை அந்த வீட்டுக்கு இல்லை. அதனால் கூடுவது சுமார் 250 ரூபாய். இரண்டு மாதத்தில் மிச்சமாகும் மூவாயிரம் இவரை மகிழ்விப்பதில்லை. இந்த 250 தூங்கவிடுவதில்லை. தள்ளிப்போட்ட மாதங்களில் பெட்ரோலுக்குப் போன பணத்தை எழுத அந்த நோட்டில் இடம் ஒதுக்கப்படவில்லை.

அடுக்குமாடியில் பிளக் பாயிண்ட் என்பது சங்கக் கூட்டத்தில் தீர வேண்டிய விவகாரம். பார்க்கிங்கில் இருப்பது பொது மீட்டர். இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து ஒயர் இறக்கலாமா என்று இவர் கேட்க, செயலாளர் கூடாது என்று சொல்ல, ஆராய்ச்சிக்கு ஆறு மாத ஓய்வு கிடைக்கும்.

ஷோரூமில் இவரைச் சமாளிப்பது எளிதல்ல. 20 லிட்டர் தண்ணீர் கேன் கால் வைக்கும் இடத்தில் நிற்குமா என்று குனிந்து சாண் போட்டு அளப்பார். பேட்டரி ஐபி67 தரம், ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று விற்பனைப் பையன் சொன்னால், "வேளச்சேரியில மூணு நாள் நிக்குமே தம்பி" என்பார். பையனிடம் அதற்குப் பதில் இல்லை. யாரிடமும் இல்லை. இவர் ஒப்பிடும் வண்டிகளில் பல ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகின்றன என்று தெரிந்த நாள் முதல், கிருஷ்ணகிரிப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் தொழிற்சாலையிலேயே நேராக எடுத்தால் ஏதாவது குறையுமா என்று விசாரிக்கும் வழக்கமும் உண்டு.

இவ்வளவு தெரிந்த மனிதரால் ஊருக்கு நன்மை இல்லாமல் போகாது. கீழ் வீட்டுப் பையன், அலுவலகத்தில் இரண்டு பேர், மச்சினர் எல்லோரும் இவரைக் கேட்டுத்தான் வண்டி எடுத்தார்கள். அவர்களுக்கு யோசனை சொல்லும்போது இவருக்குத் தயக்கம் கிடையாது. "தெனம் முப்பது கிலோமீட்டருக்கு எந்த வண்டியும் போதும்பா. வீட்டுக்குப் பக்கத்துல சர்வீஸ் சென்டர் இருக்கா, அதை மட்டும் பாரு." மொத்த ஆராய்ச்சியின் சாரமும் அதுதான், வாங்க நினைக்கிற எவருக்கும் அதற்குமேல் தேவைப்படாது.

இவர் வகையில் வாங்கியவர்கள் மிகச் சிலர். அங்கெல்லாம் வாங்கியவர் மனைவி. துணிக்கடைக்குப் போகும் வழியில் ஷோரூமில் நுழைந்து, நீலத்தில் இருக்கிறதா என்று கேட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "ஏங்க, இதையே எடுத்துருவோம்" என்று முன்பணம் கட்டிவிடுவார். பேட்டரி எத்தனை கிலோவாட்-அவர் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. வண்டி நன்றாகவே ஓடுகிறது. இரண்டே மாதத்தில் அதே கம்பெனி, அதே விலையில், பெரிய பேட்டரியோடு புது மாடலை இறக்கும். சராசரி மனிதர் அன்று நொந்துபோவார். இவரோ கொஞ்ச நாளாகக் காணாத உற்சாகத்தோடு மச்சினருக்குப் போன் போட்டு, "நான் அப்பவே பொறுக்கச் சொன்னேன்" என்பார்.