கொடித்துணியும் கொண்டலும்: மொட்டை மாடி வானிலை குறித்த ஓர் ஆய்வு

சென்னையில் எப்போது மழை வரும் என்பதை வானிலை ஆய்வு மையம் ஓரளவு சொல்லிவிடுகிறது. காயப்போட்ட துணியை எப்போது எடுக்க வேண்டும் என்று அது இதுவரை வாய் திறந்ததில்லை. 1792-இல் மதராஸில் வானாய்வகம் தொடங்கிய நாள்முதல் நீடிக்கும் இக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியும் அங்குள்ள கொடிகளும். வானம் எல்லைக்கு வெளியே வருவதால் தேவைப்பட்டபோது மட்டும் அண்ணாந்து பார்க்கப்பட்டது.

முதலில் மூலப் பனுவலைப் பார்ப்போம். ‘ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்.’ இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கறாரான இலக்கணம் உண்டு. மழை பதிவாகும் நிலையங்களில் கால் பங்குக்குள் பெய்தால் ஓரிரு இடங்கள்; பாதி வரை சில இடங்கள்; முக்கால் வரை பல இடங்கள்; அதற்கும் மேலே போனால் பெரும்பாலான இடங்கள். அந்தக் கால் பங்கில் நம் மாடி உண்டா என்பதைப் பற்றி மட்டும் பனுவல் மௌனம் சாதிக்கிறது. ஈரத்துணி எங்கே அதிகமாகத் தொங்குகிறதோ அதுவே அந்த ஓரிரு இடம் என்பது நம் கருதுகோள். மறுத்துப் பேசியவர் எவரும் மாடியில் துணி காயப்போடுபவர் அல்லர்.

அடுத்து ‘லேசான’. 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை, 64.4 வரை மிதமானது. அதற்கு மேல்தான் கனமழை. ஒரு மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வற்றல் காயவைக்க ஒரு பழைய நூல் புடவையை முழுசாக விரித்தால் ஆறு சதுர மீட்டர் வரும். லேசான மழையின் கீழ்வரம்பே அதன்மேல் 15 லிட்டர், அதாவது ஒரு பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீர். இதற்கு லேசான என்று பெயர் வைத்தவர் கூழ் கிண்டி வற்றல் பிழிந்திருக்க மாட்டார்.

எனவே மில்லிமீட்டரைக் கைவிட்டு, கொடியை வைத்து மழையை வகைப்படுத்துவதே முறை. தூறல் என்பது அரை மி.மீ.க்கும் குறைந்த விட்டமுள்ள துளி. படிக்கட்டு வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டுவோம். கையில் ஒன்றும் தெரியாது, மூக்குக்கண்ணாடியில் புள்ளி விழும். எடுப்பதா விடுவதா என்று யோசித்து முடிப்பதற்குள் துணி பழைய ஈரத்துக்குத் திரும்பிவிடும். வெயில் மழை இன்னும் மோசம். நரிக்கும் காக்கைக்கும் கல்யாணம் என்று சிறுவர்கள் குதிப்பார்கள். பெரியவர்கள் ஒரே துணியை இரண்டு முறை எடுத்து மூன்று முறை போடுவார்கள். ஆலங்கட்டி கோடையில் எப்போதாவது விழும்; அன்றைக்கு யாரும் துணியை நினைப்பதில்லை, பொறுக்கி வாயில் போடத்தான் ஓடுகிறார்கள். அடைமழையில் ஆராய ஒன்றுமில்லை. கொடி கூடத்துக்கு வந்துவிடும், மின்விசிறி சூரியனாகும்.

பருவங்களுக்கும் குணம் உண்டு. தென்மேற்குப் பருவ மாதங்களில் பகல் வெயிலில் சூடேறி மேற்கே திரளும் இடிமேகம் மாலையிலோ இரவிலோதான் நகரத்துக்கு வந்து சேரும். நான்கு மணிக்குள் துணி எடுப்பவர் தப்பிப்பார். வடகிழக்குப் பருவமோ ஒழுங்குக்குக் கட்டுப்படாதது. வங்கக் கடலிலிருந்து மேகம் அலையலையாக வரும், கொட்டும், வெயிலடிக்கும், மறுபடி கொட்டும். பின்னிரவிலும் விடியலிலும் அதற்குக் கொண்டாட்டம் அதிகம். ராத்திரி மாடியில் துணியை விட்டவர் மீது ஆய்வாளருக்கு இரக்கமில்லை.

இனி கணக்கு. மழையளவை நாள்தோறும் காலை 8.30-க்கு எடுக்கிறார்கள். திங்கள் காலை எட்டேமுக்காலுக்கு நம் துணியை நனைத்த மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில்தான் ஏறும். ‘நேற்று அப்படிப் பெய்ததே, பேப்பரில் ஒன்றுமில்லையே’ என்ற புகாருக்குப் பாதி விடை இது.

முன்னறிவிப்புக் கருவிகளில் சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ரேடாருக்கு உரிய மரியாதை உண்டு. ஆனால் அது காண்பது உயரத்தில் இருக்கும் துளிகளை. அவற்றில் சில தரையைத் தொடுமுன்னே ஆவியாகிவிடும். பக்கத்துக் கொடி அப்படி ஏமாற்றுவதில்லை. எதிர் மாடியில் ஒருவர் விறுவிறுவென்று கிளிப்புகளைப் பிடுங்கத் தொடங்கினால் மழைக்கு இன்னும் ஐந்து நிமிடம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். முன்பு வானிலை ஆய்வு மையத்தின் எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் தோன்றினால் பிள்ளைகள் பள்ளி விடுமுறையைக் கணித்தார்களே, ஏறக்குறைய அந்த அளவு நம்பகம் இதற்கும் உண்டு.

களப்பணியில் கிடைத்த ஒரே கசப்பான தரவையும் பதிவு செய்தாக வேண்டும். தகவலாளி ஒருவர் மாடியிலிருந்து இறங்கி வந்து சொன்னது: “மழை வர்றாப்ல இருக்கு மாமி, எங்க துணியெல்லாம் எடுத்துட்டேன். உங்க பச்சைப் புடவை அங்கேயேதான் கெடக்கு.” அதைக் கேட்டு மாமி செருப்பை மாட்டுவதற்குள் மிதமான மழை தொடங்கிவிட்டது.

ஆகவே மேலே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வானம் இருட்டினால் பக்கத்துக் கொடியில் இருப்பதையும் சேர்த்து எடுத்து வாருங்கள். மடிக்க வேண்டாம், படிக்கட்டுக் கைப்பிடியில் போட்டாலே போதும்.